குழாய்த் தண்ணீரே 29 டிகிரி: பீர்ச் சாற்றை ஆற்றுவது எப்படி?

கள்ளுக்கு அடுப்பு வேண்டாம். பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டிவிட்டால் காற்றிலும் கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் தானாக வேலையைத் தொடங்கிவிடும். காலையில் இறக்கியது சாயங்காலத்துக்குள் ஏறிவிடும், மறுநாள் புளித்துப்போகும். கோல சிலாங்கூர் பக்கத்துத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இது புதுச் செய்தி இல்லை. கள்ளைப் புகழ்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் முன்னின்று நடத்திய வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடு என்பதும் ஒன்று. அதற்குக் காரணம் இருந்தது.

பீர் வேறு சாதி. முளைகட்டிக் காயவைத்த பார்லியை, அதாவது மால்ட்டை, வெந்நீரில் ஊறவைத்து, அதன் இனிப்பை வடித்தெடுத்து, ஹாப்ஸ் பூவைப் போட்டு ஏறக்குறைய ஒரு மணி நேரம் கொதிக்கவிட வேண்டும். இந்தச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். அடுப்பிலிருந்து இறக்கும்போது அது 100 டிகிரி. அதில் ஈஸ்டைப் போட்டால் செத்துவிடும். ஆற்றித்தான் போட வேண்டும். வீட்டில் பீர் வடிப்பவர்கள் அதிகம் தடுமாறும் இடமும் இதுதான்.

தொடங்குமுன் ஒன்று. மது வகைகள் 1976ஆம் ஆண்டுக் கலால் சட்டத்தின் கீழ் வருபவை. உங்கள் வீட்டுப் பானைக்கு என்ன விதி என்று சுங்கத்துறையில் கேட்டுத் தெரிந்துகொண்டு அடுப்பைப் பற்ற வையுங்கள். விற்கிற எண்ணம் இருந்தால் உரிமம் இல்லாமல் பேச்சே இல்லை.

சரி, ஏன் அவசரமாக ஆற்ற வேண்டும்? முதல் காரணம், இனிப்பான சாறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் நாம் அழைக்காத கிருமிகளெல்லாம் குடியேறும். இரண்டாவது, மால்ட்டில் இருக்கும் ஒரு பொருள் சூட்டில் சிதைந்து டைமெத்தில் சல்பைடு என்ற ஆவியாகிறது. கொதிக்கும்போது அது வெளியேறிவிடும். கொதி அடங்கி, மூடி போட்டு, சூடாகவே வைத்திருந்தால் உள்ளேயே தங்கி அவித்த சோள வாடை அடிக்கும். வெளிர்நிற மால்ட்டில் இந்தத் தொல்லை அதிகம். மூன்றாவது, சட்டென்று குளிர்ந்தால் புரதம் திரிந்து அடியில் படியும், பீர் தெளிவாக வரும். கலங்கலைப் பற்றிக் கவலைப்படாதவர்கள் இந்த மூன்றாவதை மறந்துவிடலாம்.

புத்தகத்தைத் திறந்தால் வழி சுலபமாகத்தான் இருக்கும்: சுருள் செம்புக் குழாயைப் பானைக்குள் இறக்கு, குழாய்த் தண்ணீரை அதற்குள் ஓடவிடு, கொஞ்ச நேரத்தில் 20 டிகிரிக்கு வந்துவிடும். எழுதியவர் இருக்கும் ஊரில் குழாயைத் திறந்தால் 10, 15 டிகிரியில் தண்ணீர் வருகிறது. நம் ஈஜோக்கிலும் ஜெராமிலும் பத்தாங் பெர்ஜுந்தையிலும் 28, 29, 30. மத்தியானம் மூன்று மணிக்கு மாடித் தொட்டியிலிருந்து வருவதில் கை வைத்தால் சுடும். தண்ணீர் தன்னைவிடக் குளிர்ச்சியாக எதையும் ஆக்காது. ஆகவே 20 டிகிரி என்பது வெறும் குழாய்த் தண்ணீரால் இங்கே நடக்காத காரியம்; எவ்வளவு விலையுயர்ந்த கருவி வாங்கினாலும் சரி.

அதனால் கருவியைத் தேடுவதற்கு முன்னால் ஈஸ்டை முடிவு செய்யுங்கள் என்பேன். வழக்கமான ஏல் வகை ஈஸ்டுக்கு 18 முதல் 22 டிகிரி வேண்டும். லாகருக்கு இன்னும் கீழே, 10 டிகிரி அளவில். மேற்கு நார்வேப் பண்ணை வீடுகளில் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்த குவைக் என்ற ஈஸ்ட் இருக்கிறது. அது 30, 35 டிகிரியில் உற்சாகமாக வேலை செய்யும். குளிர் நாட்டு ஈஸ்ட் நம் ஊர் வெயிலுக்குப் பொருந்துவது வேடிக்கைதான். குவைக் போடுவதாக இருந்தால் சாறு 35க்கு வந்தால் போதும். அதற்குக் குழாய்த் தண்ணீரே தாராளம்.

இன்னொன்றையும் யோசிக்க வேண்டும். மெனக்கெட்டு 20 டிகிரிக்கு இறக்கிவிட்டு, 31 டிகிரி அறையில் வாளியை வைத்தால் என்ன பயன்? நொதிக்கும்போது சாறு தானும் சில டிகிரி சூடேறும். அதைக் குளிர்ச்சியாக வைக்க ஒரு பழைய ஐஸ் பெட்டி இல்லாதவர்கள் ஏல் ஈஸ்டையும் ஐஸ் மூட்டையையும் தேடி அலைவது வீண்.

ஐஸ் பெட்டி இருக்கிறது, 20 டிகிரிதான் வேண்டும் என்பவர்களுக்குக் கணக்கு இது. 20 லிட்டர் சாறு ஒரு டிகிரி இறங்க ஏறக்குறைய 84 கிலோஜூல் வெப்பத்தை வெளியே எடுக்க வேண்டும். ஒரு கிலோ ஐஸ் உருகி 20 டிகிரித் தண்ணீராகும்வரை சுமார் 418 கிலோஜூலை வாங்கிக்கொள்ளும். 100லிருந்து 20க்கு ஐஸை மட்டுமே நம்பினால் 16 கிலோ கரைய வேண்டும். முதலில் குழாய்த் தண்ணீரால் 35க்கு இறக்கிவிட்டு, மிச்சத்துக்கு மட்டும் ஐஸைப் போட்டால் 3 கிலோ. கணக்கில் வருகிற குளிர்ச்சி முழுவதும் கையில் வராது என்பதால் 6 கிலோ வாங்கி வையுங்கள். அப்போதும் பாதிக்கும் குறைவு. கொதிக்கிற பானைக்கு முதலிலேயே ஐஸைக் காட்டுவது காசைக் கரைக்கிற வேலை.

இதற்குத் தோதான கருவி அந்தச் செம்புச் சுருள்தான். விரல் பருமனில் எட்டு, பத்து மீட்டர் குழாய் போதும். புதிதாக வாங்கியதைக் காடியில் கழுவுங்கள். பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் அது போகும்வரை தேய்க்க வேண்டும். அடுப்பை அணைக்கப் பதினைந்து நிமிடம் இருக்கும்போது சுருளைக் கொதிக்கிற சாற்றில் இறக்கிவிட்டால் கிருமி செத்துவிடும். அணைத்ததும் குழாயைத் திறவுங்கள். பலர் இதோடு கைகட்டி நின்றுவிடுகிறார்கள். சுருளை ஒட்டிய சாறு மட்டும் ஆறி அங்கேயே நிற்கும். நடுவில் இருப்பது கொதித்துக்கொண்டிருக்கும். சுத்தமான கரண்டியால் மெல்லச் சுழற்றிக்கொண்டே இருந்தால் நேரம் வெகுவாகக் குறையும். 40க்குக் கீழே வந்ததும் வெப்பமானி முள் நகர மறுக்கும். அதுதான் மாற்ற வேண்டிய நேரம். மீன் தொட்டிக்குப் போடும் சின்னப் பம்பை ஐஸும் தண்ணீரும் நிறைந்த பெட்டியில் மூழ்க வைத்து, அதிலிருந்து சுருளுக்கும் சுருளிலிருந்து திரும்பப் பெட்டிக்குமாக ஓடவிடுங்கள். ஒரு சொட்டும் வீணாகாது.

தண்ணீர்ச் செலவையும் பார்க்க வேண்டியிருக்கிறது. முதல் கட்டத்தில் சாற்றைப்போல நாலைந்து மடங்கு தண்ணீர் போய்விடும். சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீரைச் சுத்திகரிக்கும் பெரிய ஆலைகள் நம் பத்தாங் பெர்ஜுந்தைப் பக்கம்தான் இருக்கின்றன. ஆனாலும் 2020 செப்டம்பரில் ஆற்றில் மாசு கலந்து ஆலைகள் நின்றபோது பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளில் தண்ணீர் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் சுருளிலிருந்து வரும் தண்ணீரைச் சாக்கடையில் விட மனம் வரக் கூடாது. முதல் இரண்டு வாளி நல்ல சூடாக வரும். பாத்திரம் கழுவ வைத்துக்கொள்ளலாம்.

சுருளே வேண்டாம் என்பவர்கள் பானையை அப்படியே தண்ணீர்த் தொட்டியில் இறக்குவதுண்டு. 200 லிட்டர் தொட்டியில் 20 லிட்டர் பானை என்றால், இரண்டும் சமமாகும்போது 35 டிகிரி வரும். நேரம் நிறைய ஆகும், தூக்கி இறக்கும்போது கொதிசாறு மேலே கொட்டும் அபாயம் வேறு. சின்ன அளவுக்குச் சரி. கடை ஐஸை நேராகச் சாற்றில் போடும் யோசனையை மட்டும் விட்டுவிடுங்கள். அது எந்தத் தண்ணீரில் உறைந்ததோ யாருக்குத் தெரியும்.

தகடு அடுக்கிய குளிர்விப்பான்களை விளம்பரத்தில் பார்த்து ஆசைப்படுகிறவர்கள் உண்டு. பெரிய ஆலைகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. 1965இல் தொடங்கிய சுங்கை வே ஆலையும் 1972இல் வடிக்கத் தொடங்கிய ஷா ஆலம் கார்ல்ஸ்பெர்க் ஆலையும் இதே சிலாங்கூர் வெயிலில்தான் நடக்கின்றன. இத்தகைய ஆலைகளில் சாறு தகடுகளின் ஒரு பக்கமும் குளிர்நீர் மறு பக்கமும் எதிரெதிராக ஓடும். வெப்ப நாடுகளில் தண்ணீரை இயந்திரத்தால் குளிர வைத்துத்தான் அனுப்புவார்கள். சூடேறி வரும் தண்ணீர் அடுத்த பானைக்கு மால்ட் ஊறவைக்கப் போகும். வீட்டில் குளிர்நீர் இயந்திரம் இல்லாமல் தகட்டை மட்டும் வாங்கினால் குழாய்த் தண்ணீர்த் தடை அப்படியே நிற்கும். போதாததற்கு ஹாப்ஸ் துகள் இடுக்கில் அடைக்கும், உள்ளே சுத்தமா என்று கண்ணால் பார்க்கவும் முடியாது. எனக்கு அதில் நாட்டமில்லை.

ஆற்றவே வேண்டாம் என்ற கட்சியும் இருக்கிறது. தண்ணீர்ப் பஞ்சம் தெரிந்த ஆஸ்திரேலியர்கள் பரவலாக்கிய வழி அது. கொதி அடங்கியதும் 80 டிகிரிக்கு மேல் இருக்கும்போதே உணவுத்தர எச்டிபிஇ பிளாஸ்டிக் கலனில் விளிம்புவரை ஊற்றி, காற்றை அமுக்கி வெளியேற்றி, இறுக மூடிக் கவிழ்த்துச் சூடு எல்லாப் பக்கமும் படும்படி செய்வார்கள். சாற்றின் சூடே கலனைச் சுத்தம் செய்யும். ராத்திரி முழுவதும் வைத்தால் காலையில் அறைச் சூட்டை நெருங்கியிருக்கும். குவைக் ஈஸ்டோடு சேர்த்தால் தோட்டத்து வீட்டுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை. சாறு மூடிய கலனில் வெகுநேரம் சூடாக இருப்பதால் வெளிர்நிற மால்ட்டில் முன்னே சொன்ன சோள வாடை வரலாம், ஹாப்ஸின் கசப்பும் கூடும். கடைசியில் போட வேண்டிய பூவை இன்னும் தாமதமாக, கலனுக்கு மாற்றும்போது போடலாம்.

கலன் விஷயத்தில் மட்டும் சிக்கனம் கூடாது. களைக்கொல்லியோ உரத் திரவமோ வந்த டின்கள் செம்பனைத் தோட்டங்களில் மலிவாகக் கிடைக்கும். எத்தனை முறை கழுவினாலும் அதில் சாற்றை ஊற்றக் கூடாது. புதிதாக, உணவுக்கென்றே செய்ததை வாங்குங்கள். அடுத்தது, மூடி வைத்த சாற்றை வாரக்கணக்கில் சேமிக்க வேண்டாம். வோர்ட்டின் புளிப்பு 5 பி.எச். அளவில்தான் இருக்கும், காற்றில்லாத கலனில் போட்யூலிசம் கிருமியைத் தடுக்க 4.6க்குக் கீழே இருக்க வேண்டும். கொதிநீரில் சாகாத அதன் வித்துகள் உள்ளே இருந்தால் நாள்பட நஞ்சாகும். மறுநாள் காலையிலேயே ஈஸ்டைப் போட்டுவிடுங்கள்.