மாலுமியின் சட்டைக்கை

தபால் தலை சேகரிப்பவரை நம் ஊர்களில் எல்லோரும் அறிவர். பழைய நாணயம் சேகரிப்பவரைப் பார்த்து வியப்பாரும் உண்டு. தீப்பெட்டிப் படங்களைச் சேர்த்து வைத்த பருவத்தை நம்மில் பலர் தாண்டியே வந்திருக்கிறோம். ஆனால் ஒருவர் கப்பற்படை மாலுமிகளின் பழஞ்சட்டைகளிலிருந்து அறுத்தெடுத்த துணித்துண்டுகளைத் தேடித் திரிகிறார் என்று சொல்லுங்கள். கேட்பவர் முகத்தில் ஒரு சந்தேகம் தோன்றும். வீட்டு அம்மாளோ, “பழந்துணிக்குப் பாத்திரம் போடுகிறவனிடம் கொடுத்திருக்க வேண்டியதை இவர் காசு கொடுத்து வாங்குகிறாராமே!” என்பாள்.

எனினும், இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் இத்துண்டுகளுக்காக ஏலம் கூறப்படுகிறது. கனமான புத்தகங்கள் எழுதப்பட்டிருக்கின்றன. தளபதிகளுக்குச் சிலையும் ஜீவிய சரித்திரமும் உண்டு. சாதாரண மாலுமிக்கு எஞ்சுவது பெரும்பாலும் அவன் கையில் தைத்திருந்த உள்ளங்கையளவு கம்பளித் துணிதான். அதைப் படிக்கத் தெரிந்தவருக்கு அவன் என்ன பதவி வகித்தான், என்ன தொழில் செய்தான், எத்தனை வருஷம் கடலில் கழித்தான் என்பதெல்லாம் விளங்கிவிடும்.

ஆகவே இப்பழக்கத்தில் இறங்குவோர் முதலில் பயில வேண்டியது சட்டைக்கையின் இலக்கணம். பிரிட்டிஷ் கப்பற்படையில் அது வெகு தெளிவானது. இடக்கை, ஆள் யார் என்று சொல்லும். வலக்கை, அவன் என்ன செய்வான் என்று சொல்லும். பெயர்ச்சொல்லும் வினைச்சொல்லும் போல என்று நம் மாணவர்களுக்குச் சொல்லலாம். இடக்கையில் ஒற்றை நங்கூரம் இருந்தால் அவன் மாலுமிகளில் ஒரு படி மேலான ‘லீடிங்’ பதவியினன். இரண்டு நங்கூரங்கள் குறுக்காக அமைந்து மேலே கிரீடமும் இருந்தால் ‘பெட்டி ஆபீஸர்’. வலக்கையிலோ பீரங்கி, டார்ப்பிடோ, குறுக்காக வைத்த இரு கொடிகள், சிறகு முளைத்த மின்னல் என்று தொழிலுக்கு ஒன்றாகச் சித்திரங்கள் இருக்கும். கொடிகள் சைகைக்காரனுக்கு, மின்னல் தந்திக்காரனுக்கு. சித்திரத்துக்கு மேலும் கீழும் நட்சத்திரமோ கிரீடமோ சேரச் சேரத் தொழிலில் தேர்ச்சி கூடியது என்று பொருள்.

ஒரு வேடிக்கையைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கப்பற்படையில் பெட்டி ஆபீஸர்களுக்குச் சின்னம் வழங்கப்பட்டது 1827-ஆம் ஆண்டில். கீழ்நிலை மாலுமிகளுக்கு அரசாங்கமே இன்ன உடை என்று விதித்தது 1857-இல். சட்டை வருவதற்கு முப்பது வருஷம் முன்பே சட்டையில் தைக்கும் சின்னம் வந்துவிட்டது!

இடக்கையில் நங்கூரத்துக்குக் கீழே கோணக் கோடுகள் சில இருக்கும். இவற்றைப் பதவிக்குரியவை என்று எண்ணுவோர் பலர். அப்படியல்ல, இவை நன்னடத்தைக்காக 1849 முதல் வழங்கப்பட்டவை. மூன்று வருஷ ஊழியத்துக்கு ஒன்று, எட்டு வருஷத்துக்கு இரண்டு, பதின்மூன்று வருஷத்துக்கு மூன்று என்பது நெடுங்காலம் இருந்த விதி. “அகப்படாமல் குற்றம் செய்த வருஷங்களுக்குக் கிடைத்த பரிசு” என்று மாலுமிகளே இதைப் பரிகாசம் செய்வார்கள். மூன்று கோணக் கோடுகள் மட்டும் இருந்து நங்கூரம் இல்லாத சட்டைக்கை ஒன்று கிடைத்தால், நாம் அதைச் சற்று நேரம் கையில் வைத்துப் பார்ப்போம். பதின்மூன்று வருஷத்துக்கு மேல் ஒழுங்காக உழைத்தும் ஒரு படியும் மேலே ஏறாத மனிதன் அவன். மேலே ஏற விரும்பாதவனாகவும் இருக்கலாம். அத்தகையோரும் கப்பல்களில் உண்டு. குற்றம் செய்தால் இக்கோடுகள் பறிக்கப்படும். அறுத்தெடுத்த இடத்தில் மட்டும் துணி நிறம் மங்காமல் இருக்கும். அந்த நிழலும் சேகரிப்பவருக்கு ஒரு சாசனமே.

நிறத்திலும் பொருள் உண்டு. விசேஷ நாட்களுக்குரிய முதல்தர உடையில் ஜரிகைச் சின்னம். அன்றாட நீல உடையில் சிவப்பு நூல். உஷ்ணப் பிரதேசங்களில் அணியும் வெள்ளை உடையில் நீல நூல். ஆகையால் ஒரே மாலுமிக்கு ஒரே சின்னம் மூன்று விதமாக இருந்திருக்கும்.

காலத்தைக் கணிக்கக் கிரீடமே பஞ்சாங்கம். கிரீடத்தின் வளைவுகள் உருண்டு மேலெழுந்திருந்தால் 1901-க்குப் பின் ஆண்ட அரசர்களின் காலம். வளைவுகள் நடுவில் பள்ளமாக இறங்கியிருந்தால் இரண்டாம் எலிஸபெத் ராணியின் காலம். இந்த விதியைக் கொண்டு ஐம்பது அறுபது வருஷம் சேகரிப்பவர்கள் நிம்மதியாக இருந்தார்கள். 2022-இல் மூன்றாம் சார்லஸ் பட்டத்துக்கு வந்தார். உருண்ட கிரீடத்தையே மீண்டும் தேர்ந்தெடுத்துவிட்டார். இனிப் புதிதாகத் தைக்கும் சின்னத்தை அவருடைய தாத்தாவின் காலத்தது என்று சொல்லி விற்க எண்ணுவோருக்கு வேலை எளிதாயிற்று.

அமெரிக்காவின் முறை வேறு. அங்கே கழுகு, தொழிற்சித்திரம், கோணக் கோடுகள் மூன்றும் ஒரே துணியில் அமைந்திருக்கும். கழுகும் நங்கூரமும் 1841-இல் வந்தன. இன்று நாம் காணும் அமைப்பு 1886-இல் உருவாயிற்று. அந்த தேசத்தின் கம்பீரமான கழுகை மாலுமிகள் ‘காக்கை’ என்றுதான் அழைக்கிறார்கள்! எழுத்தருக்குக் குறுக்கிட்ட இரு இறகுப் பேனாக்கள், சுக்கான் பிடிப்பவருக்குச் சக்கரம், மின்சாரத் தொழிலாளருக்கு உலக உருண்டை என்று தொழில்கள் பலவும் அங்கே உண்டு. 1913 முதல் 1948 வரையில் கப்பலோட்டும் பிரிவினர் வலக்கையிலும் மற்றவர் இடக்கையிலும் சின்னம் அணிந்தனர். 1948-இல் எல்லாம் இடக்கைக்கு மாறின. வைத்தியத் துணைவரின் சிவப்புச் சிலுவைக்குப் பதிலாகப் பாம்பு சுற்றிய கோல் வந்ததும் அவ்வருஷமே. ஆகவே வலக்கைக் கழுகு என்றாலே 1948-க்கு முற்பட்டது என்று துணிந்து சொல்லலாம். இரண்டாம் உலக யுத்தத்தில் புதுத் தொழில்கள் பெருகிச் சித்திரங்கள் போதாமற் போகவே, சாய்சதுரத்துக்குள் ஓர் இங்கிலீஷ் எழுத்தைத் தைத்து ஒப்பேற்றினார்கள். தபால்காரருக்கு ‘எம்’, தேகப்பயிற்சி ஆசானுக்கு ‘ஏ’, பாடம் சொல்லும் ஆசிரியருக்கு ‘டி’. கழுகுக்குக் கீழே உபாத்தியாயருக்கும் இடம் கிடைத்தது கண்டு நமக்கு ஏற்பட்ட திருப்தியை நேயர்கள் மன்னிப்பார்களாக.

ஆனால் அதே யுத்த காலத்துச் சின்னங்களில் ஒன்று பார்ப்பதற்கு அழகானது, படிப்பதற்கு வேதனையானது. கழுகின் கீழே பிறை வடிவம்; கோணக் கோடுகளுக்குப் பதிலாகக் குறுக்குப் பட்டைகள். ஆபீஸர்களுக்குச் சமையலும் பரிமாறலும் செய்த பிரிவின் சின்னம் அது. அப்பிரிவில் இருந்தவர்கள் பெரும்பாலும் கறுப்பு ஜாதியினரும் பிலிப்பினோக்களும். அவர்கள் எவ்வளவு காலம் உழைத்தாலும் பெட்டி ஆபீஸர்களாகக் கருதப்படவில்லை. கோணக் கோடு மறுக்கப்பட்டதன் பொருள், ஒரு வெள்ளை மாலுமிக்கு அவர்கள் உத்தரவிட முடியாது என்பதே. பேர்ள் துறைமுகத்தில் 1941 டிஸம்பர் 7-ஆம் தேதி விமானத் தாக்குதலின் நடுவே, தமக்குப் பயிற்சி அளிக்கப்படாத இயந்திரத் துப்பாக்கியைப் பிடித்துச் சுட்ட டோரிஸ் மில்லர் இப்பிரிவைச் சேர்ந்தவர். அவருக்கு ‘நேவி கிராஸ்’ என்னும் உயர்ந்த பதக்கம் மார்பில் குத்தப்பட்டது. 1943-இல் தம் கப்பல் மூழ்கி இறந்தபோதும் அவர் சமையல்காரராகவே இருந்தார். மார்பில் வீரம், கையில் ஜாதி! இந்தப் பிறைச் சின்னங்களை ‘அபூர்வமானவை’ என்று மட்டும் சொல்லி விலை கூறுவோரோடு நமக்கு உடன்பாடில்லை.

சின்னம் என்பது வெறும் அலங்காரமா என்று கேட்பவருக்கு 2016-ஆம் ஆண்டின் விவகாரம் ஒன்று விடை தரும். அவ்வருஷம் ஸெப்டம்பர் 29-ஆம் தேதி அமெரிக்கக் கப்பற்படை, மாலுமிகளைத் தொழிற்பெயரால் அழைக்கும் பழைய முறையை எடுத்துவிட்டது. கையில் பீரங்கிச் சித்திரம் இருக்கும். ஆனால் ‘பீரங்கிக்காரர்’ என்று அழைக்க மாட்டார்கள். பதவிப் பெயர் மட்டுமே. மாலுமிகளும் ஓய்வு பெற்றவர்களும் பொங்கி எழுந்தார்கள். லட்சத்துக்கு மேற்பட்டோர் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டனர். மூன்று மாதம் முடியுமுன், டிஸம்பர் 21-ஆம் தேதி, பழைய பெயர்கள் திரும்பி வந்தன.

நம் நாட்டுக்கு வருவோம். ராயல் இந்தியன் நேவி 1934-இல் அப்பெயர் பெற்றது. அதன் மாலுமிகள் அணிந்தவை பெரும்பாலும் பிரிட்டிஷ் மாதிரிச் சின்னங்களே: அதே நங்கூரம், அதே கிரீடம், அதே சிவப்பு நூல். தொப்பி நாடாவில்தான் ‘எச்.எம்.ஐ.எஸ்.’ என்று ஓர் எழுத்து அதிகம். 1946 பிப்ரவரி 18-ஆம் தேதி பம்பாயில் ‘தல்வார்’ என்னும் சைகைப் பயிற்சித் தளத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. மோசமான உணவும், இன வேற்றுமையும், தளத் தலைவரின் வசைமொழியும் சேர்ந்து மூட்டிய தீ அது. சுவரில் சுதந்திர முழக்கங்களை எழுதியதற்காக முன்னரே கைதான பி. சி. தத் ஒரு தந்திக்காரர். வேலைநிறுத்தக் குழுவின் தலைவர் எம். எஸ். கான் சைகைக்காரர், துணைத் தலைவர் மதன் சிங் தந்திக்காரர். செய்தி துறைமுகத்துக்குத் துறைமுகம் அத்தனை வேகமாகப் பரவியதில் வியப்பென்ன? மின்னலையும் கொடியையும் கையில் தைத்துக்கொண்டிருந்தவர்கள் அல்லவா எழுந்தார்கள்! கராச்சி, கல்கத்தா, சென்னை, விசாகப்பட்டினம் என்று அது பரவி, 23-ஆம் தேதி தலைவர்களின் சொல்லுக்கு இணங்கி அடங்கியது. பின்னர் நூற்றுக்கணக்கான மாலுமிகள் வேலை நீக்கப்பட்டு வீடு திரும்பினர்.

அவர்கள் அணிந்த சின்னங்கள் எங்கே? சில சுருக்கி மடித்த சட்டையோடு டிரங்குப் பெட்டிகளில் கிடந்து பூச்சிக்கு இரையாயின. இன்னும் சில இருக்கக்கூடும். இவற்றில் உள்ள சங்கடம் இதுதான்: துணியையும் நூலையும் மட்டும் பார்த்தால், தல்வாரில் நின்ற தந்திக்காரனின் மின்னலும், போர்ட்ஸ்மத் நகரத்துத் தந்திக்காரனின் மின்னலும் ஒன்றுதான். யாருடையது என்று வீட்டார் சொன்னால் உண்டு. அவர்கள் மறந்தால் அது வெளிச்சந்தையில் பிரிட்டிஷ் சின்னமாகவே விலை போகும். இன்னொரு செய்தியும் கவனிக்கத் தக்கது. 1947-இல் சுதந்திரம் வந்த பின்னும் அசோகச் சிங்கம் கிரீடத்தின் இடத்தைப் பிடித்தது 1950 ஜனவரி 26-ஆம் தேதிதான். ஆகவே கிரீடச் சின்னம் எல்லாம் அடிமைக்காலத்தவை என்று ஒதுக்குவதற்கில்லை. சுதந்திர இந்தியாவின் மாலுமிகளும் ஏறக்குறைய இரண்டரை வருஷம் அதை அணிந்தே கடலுக்குச் சென்றார்கள்.

போலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. காசி நகரத்து ஜரிகைத் தொழிலாளரும் ஸியால்கோட்டுத் தொழிலாளரும் பல நாட்டுப் படைகளுக்குச் சின்னங்கள் பின்னித் தருகிறார்கள். அவர்கள் கைத்திறனுக்குக் குறைவில்லை. புதிய வேலையைத் தேநீரில் ஊறவைத்துப் பழையதாக்கும் வியாபாரியிடம்தான் குற்றம். ஊதாக் கடந்த கதிர் விளக்கின் கீழே பிடித்தால் பிற்காலத்துச் செயற்கை நூல் பளிச்சென்று ஒளிரும். பழைய கம்பளியும் பட்டும் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். பழைய சோப்புத் தூள் கறையும் ஒளிரக்கூடுமாதலால் இதை ஒன்றையே நம்பிவிடலாகாது. பின்புறத்தைப் பார்க்க வேண்டும். தைத்திருந்த நூலின் துளை, உடம்பில் பட்டுத் தேய்ந்த ஓரம், சில அமெரிக்கச் சின்னங்களில் அச்சிட்ட ஆண்டு ஆகியவை அங்கேதான் உள்ளன. நல்ல விற்பனையாளர் பின்புறத்தைக் காட்டத் தயங்கார். வாங்கிய சின்னத்தைச் சட்டையில் தைத்துக்கொண்டு படைவீரன் போல் உலவுவது சட்டப்படி குற்றம் என்பதையும் இளைஞர்கள் நினைவில் வைக்கட்டும்.

நம் சீதோஷ்ணத்தில் காப்பதுதான் கடினம். துவைக்கவே கூடாது; சிவப்புச் சாயம் ஓடிவிடும். ஜரிகையை ரப்பர் வளையத்தால் கட்டினால் கறுத்துப்போகும். பிளாஸ்டிக் உறையில் அடைத்தால் மழைக்காலத்து ஈரம் உள்ளேயே தங்கும். வெள்ளைப் பருத்தித் துணியில் தட்டையாகப் பரப்பி, பாச்சை உருண்டை துணியில் படாதவாறு தள்ளி வைத்து, மாதம் ஒருமுறை நிழலில் காற்றாட விடுவது நலம். கூடவே ஒரு சிறு அட்டையில் அணிந்தவர் பெயர், கப்பல், ஆண்டு, யாரிடமிருந்து வந்தது என்பவற்றைப் பென்சிலால் எழுதிச் சேர்த்து வைக்க வேண்டும். பேனா வேண்டாம், ஈரம் பட்டால் மை கம்பளியில் ஊறிவிடும்.