உஷார்! லயத்து போன்களில் சுற்றும் 400 வருடத்துப் பொய்

பசறை, லுணுகலை, ஹாலிஎல, பூனாகலை என்று நீங்கள் எந்தத் தோட்டத்தில் இருந்தாலும் சரி. உங்கள் போனில் ஒரு ஜெபக் குரூப்பாவது இருந்தால் இந்தச் செய்தி இதற்குள் வந்திருக்கும். வராவிட்டால் வரும். பாப்பரசரின் முடியில் 666 என்ற மிருகத்தின் எண் ஒளிந்திருக்கிறதாம். இயேசு சபைக் குருமார் புரொட்டஸ்தாந்தர்களை வேரறுப்போம் என்று இரகசியச் சத்தியம் செய்கிறார்களாம். கத்தோலிக்க சபை ஐந்து கோடிப் பேரைக் கொன்றதாம். கடைசி வரியில் "பத்துப் பேருக்கு அனுப்பவும்".

அனுப்பாதீர்கள். அனுப்புவதற்கு முன் இதை வாசியுங்கள்.

மாதாவிடம் வேண்டலாமா, கோயிலில் சுருபம் வைக்கலாமா, குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுக்கலாமா, பாப்பரசருக்கு அவ்வளவு அதிகாரம் ஏன் என்றெல்லாம் ஆர்.சி.காரரும் சபைக்காரரும் விடிய விடிய வாதாடட்டும். வேதாகமத்தை விரித்து வைத்துக்கொண்டு வாதாடுவதில் யாருக்கும் நட்டமில்லை. நான் சொல்ல வருவது வேறு. இந்தச் செய்திகளில் வேதாகமம் பேருக்குத்தான் இருக்கிறது. மற்றதில் பெரும்பகுதி பதினாறாம், பதினேழாம் நூற்றாண்டு ஐரோப்பிய அச்சகங்களில், முக்கியமாக லண்டனில், அந்த ஊர் அரசியலுக்காகச் சமைத்த சரக்கு. பழைய கள், புதிய மொந்தை.

முதலில் 666. 1612இல் அந்திரேயாஸ் ஹெல்விக் என்ற ஜெர்மானியர் ஒரு கணக்குப் போட்டார். 'விகாரியுஸ் ஃபிலியி தேயி', அதாவது தேவகுமாரனின் பிரதிநிதி என்ற இலத்தீன் தொடரில் எண் மதிப்புள்ள எழுத்துகளை மட்டும் பொறுக்கிக் கூட்டினார். முதல் சொல்லுக்கு 112, இரண்டாவதற்கு 53, மூன்றாவதற்கு 501. மொத்தம் 666. கூட்டல் சரிதான், ஆனால் பாப்பரசரின் பட்டம் அதுவல்ல. அவருக்கு வழங்கும் பட்டம் 'விகாரியுஸ் கிறிஸ்தி', கிறிஸ்துவின் பிரதிநிதி. அதே முறையில் அதைக் கூட்டிப் பாருங்கள், 214 வரும். விடை முதலில், கணக்குப் பிறகு என்றால் யார் பெயரையும் மிருகமாக்கலாம். சரி, இந்தத் தொடர் எழுதியிருப்பதாகச் சொல்லும் அந்த மும்முடி இப்போது எங்கே? 1964இல் ஆறாம் பவுல் அதைக் கழற்றிப் பலிபீடத்தில் வைத்துவிட்டார். அதற்குப் பிறகு எந்தப் பாப்பரசரும் அதை அணிந்ததில்லை. அணியாத முடியில் எழுதாத எழுத்துக்குத்தான் இத்தனை பயம்!

அடுத்தது இரகசியச் சத்தியம். இதில்தான் படித்தவர்களும் விழுகிறார்கள், ஏனென்றால் செய்தியிலேயே ஆதாரமும் வருகிறது: "அமெரிக்கக் காங்கிரஸ் பதிவேட்டில் 1913இல் அச்சாகியுள்ளது." அச்சாகியிருப்பது உண்மை. ஏன் அச்சானது என்பதைத்தான் மறைக்கிறார்கள். 1912 தேர்தலில் 'நைட்ஸ் ஒஃப் கொலம்பஸ்' என்ற கத்தோலிக்க அமைப்பைச் சேர்ந்த வேட்பாளர் ஒருவரைக் கவிழ்க்க இந்தப் போலிச் சத்தியத்தை அந்த அமைப்பின் சத்தியம் என்று துண்டுப் பிரசுரமாக்கி விநியோகித்தார்கள். அவர் முறையிட்டார். 'இப்படி ஓர் அவதூறு பரப்பப்பட்டது' என்று காட்டுவதற்கான சாட்சிப்பொருளாக அது பதிவேட்டில் சேர்ந்தது. திருடனைப் பிடித்த பொலிஸ் புத்தகத்தில் திருடனின் பெயர் இருப்பதைக் காட்டி, அவர் பொலிஸ்காரர் என்று சொல்வதுபோல! எனவே ஒரு செய்தி பெரிய பதிவேட்டின் பெயரைச் சொன்னாலே மயங்கிவிடாதீர்கள். எந்தப் பக்கம், எந்தத் திகதி, எதற்காக அங்கே வந்தது என்று கேளுங்கள்.

இந்த வகைப் பொய் ஆளைக் கொல்லுமா என்று யோசிப்பவர்களுக்கு டைட்டஸ் ஓட்ஸைத் தெரிய வேண்டும். போகிற இடத்திலெல்லாம் துரத்தப்பட்ட மனிதர் அவர். கடற்படையில் குருவாக இருந்து விலக்கப்பட்டார். கத்தோலிக்கராக மாறி இயேசு சபைக் கல்லூரிகள் இரண்டில் சேர்ந்தார், இரண்டிலிருந்தும் வெளியேற்றப்பட்டார். லண்டனுக்குத் திரும்பி, மன்னர் இரண்டாம் சார்ள்ஸைக் கொல்ல இயேசு சபையினர் சதி செய்கிறார்கள் என்று 1678 செப்டெம்பரில் 81 குற்றச்சாட்டுகளைச் சத்தியம் செய்து கொடுத்தார். அந்த வாக்குமூலத்தைப் பதிந்த நீதவான் கொட்ஃப்ரி சில வாரங்களில் பிணமாகக் கிடக்க, ஊர் பற்றிக்கொண்டது. மறு வருடம் அச்சு உரிமச் சட்டமும் காலாவதியானது. யாரும் எதையும் அச்சடிக்கலாம் என்றானதும் பிரசுரங்கள் குவிந்தன. வாசிக்கத் தெரியாதவர்களுக்காகச் சதிக் காட்சிகளைப் படமாகப் போட்டு விளையாட்டுச் சீட்டுக்கட்டே விற்றார்கள். ஒவ்வொரு சீட்டிலும் ஒரு காட்சி: இங்கே குருமார் சதி பேசுகிறார்கள், அங்கே நீதவானின் கழுத்தை நெரிக்கிறார்கள். மதுக்கடையில் சீட்டாடும்போதே பொய் மனதில் ஏறிவிடும். நம் போனில் வரும் படத்தையும் அந்தச் சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வேலை ஒன்றுதான் என்பது விளங்கும்.

சதி என்று ஒன்று இருக்கவே இல்லை. ஆனால் அதற்காகத் தூக்கில் தொங்கியவர்கள் இருந்தார்கள். கடைசியாக, 1681 ஜூலை 1இல், அயர்லாந்தின் ஆர்மா பேராயர் ஒலிவர் பிளங்கட் லண்டனின் தைபர்னில் கொல்லப்பட்டார். 1685இல் பொய்ச்சத்தியம் நிரூபணமாகி ஓட்ஸைத் தெருவழியே சாட்டையால் அடித்துக்கொண்டு போனார்கள். அதுவும் எத்தனை நாளைக்கு? ஆட்சி மாறியது, அவருக்கு ஓய்வூதியமும் கிடைத்தது. பொய் சொன்னவர் படுக்கையில் செத்தார்.

ஐந்து கோடி என்ற கணக்கும் இதே வகைச் சரக்குத்தான். எண்ணை ஊதிப் பெருக்குவதற்கு அந்தக் கால முன்மாதிரி, 1641இல் அயர்லாந்தில் நடந்த கிளர்ச்சி. அங்கே கத்தோலிக்கர் புரொட்டஸ்தாந்துக் குடியேறிகளைக் கொன்றது உண்மை. ஆயிரக்கணக்கானோர் இறந்ததும் உண்மை. ஆனால் ஜோன் டெம்பிள் என்பவர் 1646இல் வெளியிட்ட நூலில் மூன்று இலட்சம் என்று எழுதினார். அன்று அயர்லாந்தில் அவ்வளவு புரொட்டஸ்தாந்தரே இல்லை! அந்தச் சூட்டில்தான் 1649இல் ஆங்கிலேயத் தளபதி குரொம்வெல்லின் படை அயர்லாந்தின் துரொஹெடா நகரில் புகுந்து வெட்டியது, பழிக்குப் பழி என்ற பெயரில்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். எல்லாமே பொய் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. ஹப்புத்தளைக்குப் போனவர்களுக்கு அடிஷாம் பங்களாவைத் தெரியும். சனி, ஞாயிறு, போயா நாட்களில் வரிசையில் நின்று ஜாம் போத்தல் வாங்கி வருகிறோமே, அதே கருங்கல் கட்டடம். அந்தப் பெயர் இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள ஒரு கிராமத்தின் பெயர். 1550களில் அங்கே குருவானவராக இருந்தவர் ஜோன் பிளாண்ட். மேரி அரசி நாட்டைத் திரும்பவும் கத்தோலிக்கத்துக்குத் திருப்பியபோது, ஆலயத்தில் நற்கருணை மேசையை அகற்றுவதா வைப்பதா என்பதில் தொடங்கியது தகராறு. தன் ஆலயத்துக்குள்ளேயே, தன் சபை மக்களாலேயே பிடிக்கப்பட்டார் பிளாண்ட். 1555 ஜூலை 12இல் கன்டர்பரியில் இன்னும் மூவரோடு உயிரோடு எரிக்கப்பட்டார். மேரியின் ஆட்சியில் இப்படி எரிக்கப்பட்டவர்கள் ஏறக்குறைய 280 பேர். இது வரலாறு. கத்தோலிக்கர் இதை மறுக்கக்கூடாது.

பிளாண்டின் கதையை உலகுக்குச் சொன்னது ஜோன் ஃபொக்ஸ் 1563இல் வெளியிட்ட இரத்தசாட்சிகள் புத்தகம். தீயில் நிற்கும் மனிதர்களின் மரச்செதுக்குப் படங்களோடு வந்த பிரமாண்டமான நூல். 1571இல் ஒவ்வொரு பேராலயத்திலும் ஒரு பிரதி வைக்கும்படி உத்தரவு போனது. ஃபொக்ஸ் கல்நெஞ்சர் அல்ல. குழந்தை ஞானஸ்நானத்தை மறுத்த அனபாப்திஸ்துகளை எரிக்க வேண்டாம் என்று 1575இல் எலிசபெத் அரசிக்கே மன்றாடி எழுதியவர். ஆனால் புத்தகம் அவர் கையை விட்டுப் போய்விட்டது. நடந்ததைச் சொன்ன நூல், இனி நடக்கப்போவதைச் சொல்லும் நூலாக மாறியது: கத்தோலிக்கன் என்றாலே கொளுத்துகிறவன், அவனைப் பக்கத்தில் விடாதே. அதே எலிசபெத்தின் காலத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட கத்தோலிக்கக் குருமார் கொல்லப்பட்டார்கள். அது ஆலயத்து மேசையில் கிடந்த புத்தகத்தில் ஏறவில்லை. பாதி உண்மைதான் முழுப் பொய்யைவிட நெடுநாள் வாழும்.

ஹப்புத்தளைப் பங்களாவைக் கட்டியவர் சர் தோமஸ் வில்லியர்ஸ். ஆங்கிலிக்கன் குருவானவரின் மகனாகக் கென்டில் அதே அடிஷாமில் பிறந்தவர். 1931இல் ஊர்ப்பெயரையே வீட்டுக்கு வைத்தார். அவருடைய தாயின் தந்தை யார் தெரியுமா? பிரித்தானியப் பிரதமர் லோர்ட் ஜோன் ரஸல். 1850இல் பாப்பரசர் ஒன்பதாம் பத்திநாதர் இங்கிலாந்தில் மறைமாவட்டங்களை மீண்டும் ஏற்படுத்தியபோது, அதை ஆக்கிரமிப்பு என்று பொங்கி டர்ஹாம் ஆயருக்குக் கடிதம் எழுதி, அதைப் பத்திரிகையிலும் வரச்செய்தவர். அந்த நவம்பரில் இங்கிலாந்தின் தெருக்களில் பாப்பரசரின் கொடும்பாவி எரிந்தது. கத்தோலிக்க ஆயர்கள் ஊர்ப்பெயரோடு பட்டம் சூட்டிக்கொண்டால் 100 பவுண் அபராதம் என்று 1851இல் சட்டமும் வந்தது. ஒருவர்கூடத் தண்டிக்கப்படாமலே 1871இல் அது ரத்தானது. இன்று அந்தப் பேரனின் பங்களாவில் இருப்பது யார்? 1960களின் தொடக்கத்திலிருந்து பெனடிக்ட் சபைக் கத்தோலிக்கத் துறவிகள். ஜாம் காய்ச்சுவதும் அவர்கள்தான். இரகசியச் சத்தியம் ஏதாவது உண்டா என்று போகிறவர்கள் கவுண்டரில் கேட்டுப் பார்க்கலாம்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் சண்டை, நமக்கென்ன என்று நினைத்தால் அதுவும் தப்பு. 1658இல் ஒல்லாந்தர் தங்கள் பகுதியில் கத்தோலிக்கக் குருவுக்கு இடம் கொடுத்தால் மரணதண்டனை என்று பிளக்காத்து (அரச ஆணை) ஒட்டினார்கள். ஊவா அப்போது கண்டி மன்னனின் நிலம். அந்த மன்னனின் கண்டிக்கு 1692இல் வந்துசேர்ந்த யோசேவ் வாஸ் அடிகளை, போர்த்துக்கேய ஒற்றன் என்று அரண்மனையில் இருந்த ஒரு பிரெஞ்சு புரொட்டஸ்தாந்தர் போட்டுக்கொடுக்க, அடிகள் சிறைக்குப் போனார். கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்துச் சட்டங்களை 1806இல்தான் ஆளுநர் மெயிட்லண்ட் நீக்கினார். பிறகு இந்தச் சண்டை தோட்டங்களுக்கே வந்தது. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் நம் பாட்டன் பூட்டன்மாருக்காக நடந்தது. 1876இல் புதிதாக வந்த ஆங்கிலிக்கன் ஆயர் கொப்பில்ஸ்டன் அதைத் தன் அதிகாரத்துக்குள் கொண்டுவர முயன்றார். அந்த மிஷனை நடத்திய சி.எம்.எஸ். சங்கத்து மிஷனரிமாருக்கோ அவர் வழிபாட்டில் 'ரோமை வாடை' அடிப்பதாகச் சந்தேகம். ஆயர் அவர்களின் உரிமங்களைத் திரும்பப் பெற்றார். இங்கிலாந்துப் பேராயர்கள் தலையிட்டு 1880இல்தான் சமரசம் வந்தது. கூலி மிஷனைப் பற்றிய சண்டையில் கூலிக்காரரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதாகத் தெரியவில்லை.

இன்று சேதம் வேறு மாதிரி நடக்கும். ஒரே லயத்தில் முதல் காம்பரா ஆர்.சி., மூன்றாவது காம்பரா சபை. அக்கா மகள் கல்யாணத்துக்கு மாமா வரமாட்டார், கோயிலில் சுருபம் இருக்கிறதாம். சாவு வீட்டில் பெட்டியைத் தூக்குவதில் தயக்கம், செபமாலை சொல்லும்போது பாதிப்பேர் எழுந்து வெளியே. ஆர்.சி. பக்கமும் சுத்தமில்லை. 'அல்லேலூயாக் கூட்டம்', 'காசுக்கு மதம் மாறினவன்' என்று அவர்கள் அனுப்பும் வீடியோக்களையும் நான் பார்க்கிறேன். சபைக்காரர் கட்டும் ஒரு சின்ன ஜெபவீட்டுக்கு வெளியிலிருந்து எதிர்ப்பு வரும்போது, இந்த வீடியோக்களைத்தான் எதிர்ப்பவர்கள் கையில் எடுப்பார்கள். 2019 ஏப்ரல் 21 ஞாபகம் இருக்கட்டும். குண்டு வெடித்த தேவாலயங்களில் கொச்சிக்கடை அந்தோனியாரும் கட்டுவப்பிட்டிய செபஸ்தியாரும் கத்தோலிக்கம், மட்டக்களப்பு சீயோன் சபை. குண்டு வைத்தவனுக்கு மும்முடிக் கணக்கு தேவைப்படவில்லை.

இனி வருவதில் மிகவும் உஷாராக இருக்க வேண்டியது 'முன்னாள் குருவானவர் சாட்சி' என்ற வகை. அல்பர்ட்டோ ரிவேரா என்பவர் தன்னை முன்னாள் இயேசு சபைக் குரு என்று சொல்லிக்கொண்டு, ஜெக் சிக் என்ற அமெரிக்கருடைய சித்திரக்கதைகளில் 1979 முதல் வத்திக்கானின் 'இரகசியங்களை' அவிழ்த்தார். கையடக்கமான படப்புத்தகம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். அவர் குருவானவரே அல்ல என்பதை 1981இல் அம்பலப்படுத்தியது கத்தோலிக்கர் அல்ல, 'கிறிஸ்டியானிட்டி டுடே' என்ற நற்செய்திச் சபையினரின் சஞ்சிகை. ஆனால் ஓட்ஸுக்கு நடந்ததுதான் இங்கும் நடந்தது, மறுப்பு வந்த பிறகும் கதை நிற்கவில்லை.

ஆகவே யாராவது அப்படியொரு சாட்சியைக் கூட்டத்தில் நிறுத்தினால், மரியாதையாக மூன்று கேள்வி கேளுங்கள். ஐயா எந்த மறைமாவட்டத்தில் இருந்தீர்கள், எந்த வருடம் குருப்பட்டம் பெற்றீர்கள், பட்டம் கொடுத்த ஆயர் யார்? பதுளை மறைமாவட்டத்துக்காகப் பட்டம் பெற்றேன் என்று சொன்னால், இந்த மறைமாவட்டம் உண்டானதே 1972இல்தான், முதல் ஆயர் லியோ நாணயக்கார. அதற்கு முந்திய வருடத்தைச் சொன்னால் அங்கேயே பிடித்துக்கொள்ளலாம். பிந்திய வருடம் என்றால் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள், குருப்பட்டப் பதிவு இருக்கும். பதில் கிடைக்கும்வரை அந்த வீடியோ உங்கள் போனை விட்டு வெளியே போகவேண்டாம்.