ஒரே திராட்சை, இரண்டு விலை

பிரான்சின் தென்கடற்கரையில், மார்செய்க்கும் தூலோனுக்கும் நடுவே பாந்தோல் என்று ஒரு சிறு துறைமுக ஊர். அந்தப் பெயரில் விற்கும் சிவப்பு ஒயினில் பாதியாவது மூர்வெத்ர் திராட்சை இருக்க வேண்டும். 18 மாதமாவது மரப்பீப்பாயில் கிடக்க வேண்டும். இது சட்டம். விலையும் அதற்கேற்ற உயரத்தில்தான் இருக்கும். ஸ்பெயினின் தென்கிழக்கில், முர்சியா மாநிலத்து ஹூமியாவில் இதே திராட்சைக்கு மொனாஸ்ட்ரெல் என்று பெயர். அங்கிருந்து வரும் நல்ல பாட்டில் பாந்தோல் விலையில் பாதிக்கும் கீழே கிடைக்கிறது.

மட்டமான சரக்கு என்பதால் அல்ல. மொனாஸ்ட்ரெல் தாமதமாகப் பழுக்கும் இனம். வெயில் நிறைய வேண்டும். ஹூமியாவில் அதற்குப் பஞ்சமில்லை. ஆண்டுக்கு ஏறக்குறைய 300 மில்லிமீட்டர் மழை, சுண்ணாம்பு கலந்த மண், பெரும்பாலும் மானாவாரி. பழைய தோட்டங்களில் பந்தலும் இல்லை, கம்பியும் இல்லை. முழங்கால் உயரத்துக்கு முறுக்கேறிய கட்டை, அதன் தலையிலிருந்து பிரியும் நாலைந்து கிளைகள், அவ்வளவுதான் கொடி. இருக்கும் ஈரத்துக்குப் போட்டி வரக்கூடாது என்று கொடிக்குக் கொடி நிறைய இடம் விட்டு நட்டிருப்பார்கள். காய்ப்பு குறைவு, பழம் சிறியது, தோல் தடித்தது. திராட்சைச் சாற்றுக்குப் பெரும்பாலும் நிறமே கிடையாது. சிவப்பும் துவர்ப்பும் தோலோடு சேர்ந்து நொதிக்கும்போது இறங்குபவை. அதனால்தான் இந்த ஒயினுக்கு நாவல்பழக் கருமை. வறண்ட காற்றில் பூஞ்சைத் தொல்லையும் குறைவு, மருந்துச் செலவும் குறைவு.

ஆனால் விலை குறைந்ததற்கு முக்கியக் காரணம் வரலாறு. 1860களில் அமெரிக்காவிலிருந்து பிரான்சுக்கு வந்து சேர்ந்த பில்லாக்ஸெரா என்ற நுண்பூச்சி, வேரை உறிஞ்சிக் கொடிகளை அடியோடு கொன்றது. ஒயின் கிடைக்காத பிரெஞ்சு வணிகர்கள் ஸ்பெயினுக்கு வந்து மொத்தமாக வாங்கினார்கள். பிரான்சு அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக்கட்டிப் பிழைத்துக்கொண்டது. ஹூமியாவுக்கோ மொத்த வியாபாரமே பழகிவிட்டது. நிறமும் போதையும் கூடிய அதன் ஒயின், வேறு ஊர்களின் வெளிறிய ஒயினைத் தேற்றப் போய்க்கொண்டிருந்தது. பாட்டிலில் ஹூமியாவின் பெயர் இருக்காது. ஊர்ப்பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு 1966இல் கிடைத்தும் பழக்கம் உடனே மாறவில்லை.

மாற்றியது அதே பூச்சிதான். 1989இல் அது ஹூமியாவையும் தாக்கியது. அதுவரை பெரும்பாலான கொடிகள் ஒட்டுக்கட்டாமல் சொந்த வேரிலேயே நின்றவை. சில ஆண்டுகளில் விளைச்சல் பாதிக்கும் மேல் விழுந்தது. மறுபடி நட வேண்டிய நெருக்கடியில், இனி அளவை நம்பிப் பயனில்லை என்று பலர் தரத்தின் பக்கம் திரும்பினார்கள். பூச்சி பரவ முடியாத மணற்பாங்கான இடங்களில் சொந்த வேர்க் கொடிகள் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. லேபிளில் ‘பியே ஃப்ராங்கோ’ என்று இருந்தால் அது அந்தக் கொடியின் ஒயின். விலை கொஞ்சம் கூடும், கொடுக்கலாம். ‘வின்யாஸ் வியேஹாஸ்’ என்றால் பழைய கொடிகள். ஆனால் எத்தனை வயதானால் பழையது என்று பொதுவான ஐரோப்பிய வரம்பு இல்லாததால், அந்தச் சொல்லை மட்டும் நம்பிக் காசு போட வேண்டாம். ‘கிரியான்சா’ என்றால் இரண்டு ஆண்டு முதிர்ந்தது, அதில் ஆறு மாதமாவது மரப்பீப்பாயில்.

குறையும் உண்டு. 14, 15 சதவீத ஆல்கஹால் இங்கே சாதாரணம். பழம் அளவுமீறிக் கனிந்தால் ஒயின் ஜாம் போலத் திகட்டும். பாந்தோலின் நீண்ட ஆயுளை எட்டு யூரோ பாட்டிலிடம் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. ஆட்டுக்கறியோடு இந்த வாரமே குடிப்பதற்கு அந்த ஆயுள் எதற்கு?

வேறு ஊர்களைத் தேடவும் இதே வழிதான்: பேர்போன ஒயினின் திராட்சை எது என்று பாருங்கள், அது பேர் போகாமல் எங்கே விளைகிறது என்று தேடுங்கள். ஷாத்தோநஃப்-து-பாப்பின் முக்கியத் திராட்சையான கிரெனாஷ், அரகோன் மாநிலத்துக் கலத்தாயூதிலும் கம்போ தெ போர்ஹாவிலும் பழைய கொடிகளில் விளைகிறது. எதை வாங்கினாலும் ஊற்றுமுன் அரைமணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். 16, 17 டிகிரிக்கு மேல் சூடேறினால் இவ்வகை ஒயினில் ஆல்கஹால் நெடிதான் முந்தும்.