ஆழத் தண்ணீரைக் கண்டால் பயமா?



குளத்தில் காலை வைத்தாலே நெஞ்சு படபடக்கிறதா? இது கோழைத்தனமுமில்லை, காத்துக்கருப்புமில்லை. ஒருதரம் முழுகிப் பொழைச்சவங்களுக்கும், அதைக் கண்ணால் கண்டவர்களுக்கும் வருவதுதான். பழைய ஆபத்தை நினைத்து உடம்பு பதறுகிறது. ஒதுங்க ஒதுங்கப் பயம் வளரும். (கைப்பிடிச்சுவர் இல்லாத கிணற்றுக்கு ஒதுங்குவது புத்திசாலித்தனம், அது வேறு.)

"பயம் தெளியட்டும்" என்று மனைவியையோ கணவனையோ தள்ளிவிடாதீர்கள். உயிருக்கே ஆபத்து, பயமும் இரட்டிப்பாகும். கையைப் பிடித்துக்கொண்டு படித்துறையின் முதல் படியில் நில்லுங்கள். மூச்சை மெள்ள விடச் சொல்லுங்கள். படபடப்பு அடங்கிய பிறகே கரையேறுங்கள். நாலு நாள் பழகினபின் அடுத்த படி. இடுப்பளவுக்கு மேல் வேண்டாம்.

உங்கள் பயத்தால் பிள்ளைக்கு நீச்சல் கற்றுத்தராமல் விட்டீர்களானால், ஆபத்து அதற்குத்தான். நன்றாக நீந்தத் தெரிந்த பெரியவரிடம் விடுங்கள்.

தூக்கம் கெட்டால், இருவருமாக ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வாருங்கள்.