கலவை கெட்டியா இருக்கா? தண்ணீர் ஊற்றும் முன் ஜல்லி, மணலைப் பாருங்க!

தாம்பரம் தாண்டி பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் போனால் தெருவுக்குத் தெரு கட்டடம் எழும்பிக்கொண்டிருக்கிறது. தளம் போடும் நாளில் சைட்டில் கொஞ்ச நேரம் நின்றால் இந்தக் குரல் கேட்கும்: "கலவை கெட்டியா இருக்கு, இன்னொரு பக்கெட் தண்ணி ஊத்துப்பா!"

வீட்டுக் கடனுக்கு இ.எம்.ஐ. கட்டுபவர்கள் கவனிக்க வேண்டிய பக்கெட் அது.

ஒரு பக்கெட்டில் என்ன ஆகிவிடும்?

கான்கிரீட்டின் பலம் பெரும்பாலும் தண்ணீர் - சிமென்ட் விகிதத்தில்தான் இருக்கிறது. ஐ.எஸ். 456:2000 விதிப்படி, 'மாடரேட்' வகைச் சூழலில் கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு இது 0.50-ஐத் தாண்டக் கூடாது. அதாவது, 50 கிலோ சிமென்ட் மூட்டைக்கு, ஈர மணலில் வரும் தண்ணீரையும் சேர்த்து 25 லிட்டர். கூடுதலாக 10 லிட்டர் ஊற்றினால் விகிதம் 0.70 ஆகிவிடும். சிமென்ட்டோடு சேராத தண்ணீர் காய்ந்ததும், அது இருந்த இடமெல்லாம் நுண்துளைகளாக நிற்கும். அந்த வழியில் ஈரம் இறங்கும், கம்பி துருப்பிடிக்கும்.

தண்ணீர் சேர்க்காமல் இளக்க முடியுமா?

முடியும். ஒரு பானையில் நெல்லிக்காயைக் கொட்டுங்கள். ஒரே சைஸ் உருண்டைகளை எவ்வளவு குலுக்கினாலும் சுமார் 64 சதவீத இடம்தான் நிரம்பும். மீதி 36 சதவீதம் இடைவெளி. அதில் கடுகைப் போட்டால் இடுக்குக்குள் புகுந்துகொள்ளும்.

கான்கிரீட்டிலும் இதே கதைதான். ஊற்றும் தண்ணீர் முதலில் இடுக்குகளை நிரப்பும். அதுபோக மிஞ்சுவதுதான் துகள்களை ஒன்றின்மேல் ஒன்று வழுக்கவிடும். இடுக்குகளைச் சிறிய துகள்கள் பிடித்துக்கொண்டால், வழுக்குவதற்கு அதிகத் தண்ணீர் மிஞ்சும். திடப்பொருளின் மொத்த அளவும் அதேதான், தண்ணீரும் அதேதான். ஆனால் கலவை இளகி ஓடும். 1968-இல் ஆர்.ஜே. ஃபாரிஸ் இதைக் கணக்காகவே போட்டுக் காட்டினார்: பெரிய துகள்களைப் பொறுத்தவரை, சிறிய துகள் கலந்த திரவம் முழுவதுமே ஒரு திரவம்தான்.

அதனால்தான் முக்கால் ஜல்லி, அரை ஜல்லி, மணல், சிமென்ட் என்று படிப்படியாகப் பல சைஸ் தேவைப்படுகிறது.

அப்போ தூசியை அள்ளிப் போடலாமா?

கூடாது. துகள் சிறுக்கச் சிறுக்க மொத்த மேற்பரப்பு கூடும். அதை நனைக்கவே தண்ணீர் போய்விடும். கலவை திரும்பவும் இறுகும். எம்-சாண்டில் 75 மைக்ரானுக்கும் குறைவான தூள் 15 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது ஐ.எஸ். 383:2016. கிரஷர் தூசியை எம்-சாண்ட் என்று இறக்கினால் சிக்கல் இங்கேதான் தொடங்கும். அனல்மின் நிலையச் சாம்பலான ஃப்ளை ஆஷ் வேறு ரகம். அதன் துகள்கள் உருண்டையானவை என்பதால் கலவை எளிதாக நகரும்.

நீங்கள் என்ன செய்யலாம்?

மணல் லோடு வந்ததும் சல்லடைச் சோதனை அறிக்கை கேளுங்கள். தளம் போடும் அன்று 'ஸ்லம்ப்' சோதனையை நேரில் பாருங்கள். கலவை இறுகினால் தண்ணீருக்குப் பதில், இன்ஜினியர் சொல்லும் அளவில் இளக்கி ரசாயனம் சேர்க்கச் சொல்லுங்கள். ரெடிமிக்ஸ் லாரி என்றாலும் இதே விதிதான்: சைட்டில் ஹோஸ் பைப்பை யாராவது எடுத்தால், "எதுக்கு?" என்று கேட்டுவிடுங்கள்.