தீராத இயந்திரக் கோளாறும் பயனீட்டாளர் உரிமையும்

பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பவும், நோயுற்றோரை மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவும் தோட்டப்புறக் குடும்பங்களுக்குக் கார் இன்று இன்றியமையாததாகி விட்டது. பல ஆண்டுகள் தவணை செலுத்தும் கடமையை ஏற்றுக்கொண்டே நம்மில் பெரும்பாலோர் அதனை வாங்குகிறோம். அவ்வாறு வாங்கிய புதுக் கார் சில மாதங்களிலேயே ஏற்றத்தில் நின்று விடுகிறது. பட்டறைக்குக் கொண்டு சென்றால், "சோதித்தோம், கோளாறு ஒன்றுமில்லை" என்கின்றனர். மறுவாரமே அக்கோளாறு மீண்டும் தலைகாட்டுகிறது. இந்நிலையில் நாம் விதியை நொந்துகொண்டு வாளாவிருக்க வேண்டியதில்லை. சட்டம் நமக்குத் துணை நிற்கிறது. ஆயினும், அத்துணையைப் பெறுவதற்கு வாய்ச்சொல் போதாது; எழுத்து வேண்டும்.

சட்டம் கூறுவது

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, சொந்த உபயோகத்திற்காகவும் குடும்ப உபயோகத்திற்காகவும் வாங்கப்படும் பொருள் ஏற்கத்தக்க தரமுடையதாக இருத்தல் வேண்டும். கோளாறு சரிசெய்யக் கூடியதாயின், நியாயமான காலத்திற்குள் அதனைச் சரிசெய்யுமாறு விற்பனையாளரைக் கேட்கலாம். அவர் மறுத்தாலோ தவறினாலோ, வேறிடத்தில் பழுதுபார்த்து நியாயமான செலவை அவரிடம் கோரலாம்; அல்லது காரையே ஏற்க மறுக்கலாம். கோளாறு பெரிதாக இருப்பின், தொடக்கத்திலேயே காரை மறுக்கும் உரிமை உண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்து போக விட்டால் அவ்வுரிமை கைநழுவி விடும்.

தயாரிப்பு நிறுவனத்திடம் இழப்பீடு கோரலாம். எனினும், அந்நிறுவனம் தந்த உத்தரவாதத்தில் பழுதுபார்ப்பு அடங்கியிருப்பின், அதற்கு முதலில் நாம் வாய்ப்பளிக்க வேண்டும். வெளிநாட்டுத் தயாரிப்பாளருக்கு இந்நாட்டில் அலுவலகம் இல்லையெனில், இறக்குமதியாளரோ விநியோகஸ்தரோ அவ்விடத்தில் நின்று பதில் கூற வேண்டும். "விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது" என்று ரசீதில் அச்சிட்டு விடுவதனால் சட்டம் தந்த உரிமை மறைந்து விடாது.

எழுத்தே சாட்சி

இயந்திரக் கோளாறு பெரும்பாலும் வந்து வந்து மறையும் தன்மையுடையது. பட்டறையில் குளிர்ந்து நிற்கும் இயந்திரம் நன்றாகவே ஓடும். நெடுந்தூரம் ஓடிச் சூடேறிய பின்னரே குறை வெளிப்படும். ஆகவே கோளாறு நேர்ந்த நாள், ஓடிய தூரம், இயந்திரம் சூடாக இருந்ததா, எந்த எச்சரிக்கை விளக்கு எரிந்தது என்பனவற்றைக் குறிப்பேட்டில் எழுதி வருவோம். கைத்தொலைபேசியில் படம் எடுத்து வைப்பதும் நன்று.

காரைப் பட்டறையில் விடும் ஒவ்வொரு முறையும் நாம் கூறிய குறையை வேலைச் சீட்டில் எழுதச் செய்து, அதன் படியைக் கேட்டுப் பெறுவோம். சோதனைக் கருவி காட்டிய பிழைக் குறியீடுகளையும் கேட்டுப் பெறலாம். ஒரே குறைக்காக நான்கு முறை பட்டறை சென்றதைக் காட்டும் நான்கு சீட்டுகள், நாற்பது முறை தொலைபேசியில் முறையிட்டதைவிட வலிமையுடையவை.

குறித்த காலத்தில் பராமரிப்புச் செய்யவில்லை, எண்ணெய் மாற்றவில்லை, உதிரிப்பாகத்தை மாற்றி அமைத்தார் என்பனவே நிறுவனங்கள் பெரும்பாலும் கூறும் மறுப்புகள். பராமரிப்புப் புத்தகமும் ரசீதுகளும் அவற்றுக்குத் தக்க பதிலாகும். வழக்கு முடியுமுன் தெரிந்தவர் பட்டறையில் இயந்திரத்தைப் பிரித்து விடுவது நம் சான்றை நாமே அழிப்பதாகும்.

பின்னர், நடந்தவற்றை நாள்வாரியாகக் குறித்து, வேண்டும் பரிகாரத்தையும் அதற்குரிய கெடுவையும் தெளிவாகக் கூறி, விற்பனையாளருக்கும் தயாரிப்பு நிறுவனத்திற்கும் பதிவுத் தபாலில் கடிதம் அனுப்புவோம். தவணைக் கொள்முதலில் கார் வங்கியின் உடைமையாதலால், அதற்கும் ஒரு படி அனுப்புதல் நலம். கோபத்தினால் மாதத் தவணையை நிறுத்துவது பெரும் பிழை. தவணை தொடர்ந்து தவறினால் காரை மீட்டுக்கொள்ள வங்கிக்கு வழியுண்டு. அப்பொழுது காரும் போகும், கடனும் நிற்கும்.

தீர்ப்பாயத்தை நாடுதல்

கடிதத்திற்கும் பயனில்லையெனில், திரிபுனல் துந்துதான் பெங்குனா எனப்படும் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடலாம். முதலாம் பாரத்தைப் பூர்த்தி செய்து 5 வெள்ளி கட்டணம் செலுத்தினால் போதும். இங்கு வழக்கறிஞர் வாதாடுவதில்லை. ஆகவே பெரிய நிறுவனத்தின் முன்னும் நாம் நம் சொந்தச் சொற்களிலேயே நியாயத்தை எடுத்துரைக்கலாம். உரிமை எழுந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் மனுச் செய்தல் வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி கோரிக்கையின் உச்ச வரம்பு 50,000 வெள்ளியாகும். அதற்கு மேற்படின், மிகுதியை விட்டுக்கொடுக்கலாம். இரு தரப்பாரும் எழுத்து மூலம் இசைந்தால் முழுத் தொகையையும் கோரலாம். அன்றேல் சிவில் நீதிமன்றமே வழியாகும். தீர்ப்பாயத்தின் ஆணையை நிறைவேற்றத் தவறுவது குற்றமாகும்.

வியர்வை சிந்தி ஈட்டிய பணத்திற்கு ஒழுங்காக ஓடும் காரைக் கேட்பது சலுகையன்று, உரிமையாகும். ஒவ்வொரு சீட்டையும் ஓர் உறையில் இட்டுப் பத்திரப்படுத்தும் பழக்கத்தைக் கார் வாங்கிய முதல் நாளிலிருந்தே மேற்கொள்வோமாக.