சாதாரண தரத்துக்குப் பின்னும் வழியுண்டு

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறு வெளியாகும் காலத்தில் முந்தல், உடப்பு போன்ற கரையோரக் கிராமங்களில் எல்லா வீட்டிலும் ஒரே கேள்விதான். "பிள்ளை பாஸா?" கணிதத்தில் தவறிய மகனுக்கு வள்ளமோ, இறால் பண்ணையோ, கொழும்பில் ஒரு கடையோ காத்திருக்கும். மகள் தவறினால், "வீட்டில் இருக்கட்டும், நல்ல இடம் வந்தால் பார்ப்போம்" என்பார்கள். பதினாறு, பதினேழு வயதில் அந்தப் பிள்ளையின் படிப்பு முடிந்துவிடுகிறது.

இதற்குப் பெற்றோரை மட்டும் குறை சொல்ல முடியாது. படிப்பு என்றால் பல்கலைக்கழகம், அது கிடைக்காவிட்டால் ஒன்றுமில்லை என்ற எண்ணம் நம் எல்லோரிடமும் ஊறிப்போயிருக்கிறது. பல்கலைக்கழக அனுமதியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு வழங்கப்படும் விசேட ஒதுக்கீடு புத்தளத்துக்கும் உண்டு. அப்படியிருந்தும் உயர்தரத்தில் தகுதி பெறும் எல்லோருக்கும் இடம் கிடைப்பதில்லை. சாதாரண தரத்துடன் நின்றுவிட்டவர்களுக்கும், உயர்தரம் வரை சென்று இடம் கிடைக்காதவர்களுக்கும் பொதுவான ஒரு பாதை இருக்கிறது. அதுதான் தொழிற்கல்வி.

ஏழு படிகள்

தொழிற்கல்வி நம் நாட்டுக்குப் புதிதல்ல. 1893ஆம் ஆண்டிலேயே கொழும்பில் அரசாங்கத் தொழில்நுட்பப் பாடசாலை ஆரம்பிக்கப்பட்டது. 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் தொழிற்பயிற்சி நிறுவனங்களை ஓர் ஒழுங்குக்குள் கொண்டுவந்தது. மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு அச்சட்டத்தின் கீழ் அமைந்தது. கிராமப்புற இளைஞர் யுவதிகளுக்குப் பயிற்சி அளிக்கும் தொழிற்பயிற்சி அதிகார சபை 1995ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. வேலைத்தளத்திலேயே பழகுநராக இருந்து தொழில் கற்க விரும்புவோருக்கு 'நைட்டா' எனப்படும் அதிகார சபை உண்டு.

இந்த நிறுவனங்கள் வழங்கும் சான்றிதழ்களை ஒரே அளவுகோலால் அளப்பதற்காக 2004ஆம் ஆண்டளவில் தேசிய தொழிற்தகைமை முறை அறிமுகமானது. இதைத்தான் என்.வீ.கியூ. என்கிறார்கள். இதில் ஏழு மட்டங்கள் உள்ளன. முதல் நான்கும் சான்றிதழ்கள். நான்காம் மட்டம் பெற்றவர் தொழிலை நன்கறிந்து சுயமாகச் செய்யக்கூடியவர். ஐந்தும் ஆறும் டிப்ளோமா. ஏழாம் மட்டம் பட்டத்துக்குச் சமமானது. இந்தப் பாதையில் வருவோருக்காகவே 2008ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இரத்மலானையில் 'யுனிவோடெக்' பல்கலைக்கழகம் அமைக்கப்பட்டது. ஆகவே சாதாரண தரத்துடன் நின்ற பிள்ளையும் படிப்படியாகப் பட்டம் வரை செல்ல வழியிருக்கிறது.

பரீட்சைக்குப் பயந்த பிள்ளைகளுக்கு இன்னொரு ஆறுதல் உண்டு. இங்கே வேலையைச் செய்து காட்டவேண்டும். மதிப்பீட்டாளர் பார்த்து, "தேர்ச்சி பெற்றவர்" அல்லது "இன்னும் தேர்ச்சி பெறவில்லை" என்று தீர்மானிப்பார். இன்னும் பெறவில்லை என்றால் பழகிவிட்டு மறுபடியும் வரலாம்.

தையல் மட்டும்தானா?

பெண்பிள்ளைகளுக்குப் பயிற்சி என்றதும் தையலும் அழகுக்கலையும்தான் நம் நினைவுக்கு வருகின்றன. அவை நல்ல தொழில்கள். ஆனால் ஒரே கிராமத்தில் இருபது பேர் தைத்தால் யாரிடம் தைக்கக் கொடுப்பது? நமது பகுதியில் மீன் இருக்கிறது. மீனுக்குக் குளிரூட்டல் வேண்டும். வீடுகளுக்கு மின்னிணைப்பு வேலை வேண்டும். முன்பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியைகள் வேண்டும். வீட்டில் இருக்கும் முதியோருக்குப் பராமரிப்பாளர் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் என்.வீ.கியூ. பாடநெறிகள் உள்ளன. மகளின் விருப்பத்தையும் ஊரின் தேவையையும் சேர்த்துப் பார்த்துத் தெரிவு செய்யுங்கள்.

1996இல் வெண்புள்ளி நோய் வந்தபோது புத்தளம் மாவட்டத்தின் இறால் பண்ணைகள் பெரும் நட்டமடைந்தன. பண்ணை மூடினால் பண்ணைக் கூலியும் போய்விடும். கையில் கற்ற தொழில் அப்படிப் போகாது. திருமணமாகி வேறு ஊருக்குச் சென்றாலும் அவளுடனேயே செல்லும். நம் நாட்டுப் பெண்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினரே தொழிற்படையில் இருக்கிறார்கள். கணவரின் வருமானம் நின்றுபோன வீடுகளைக் களப்பணியில் காணும்போதெல்லாம் இதன் பொருள் நமக்கு விளங்குகிறது.

பணம் கட்டுமுன்

இனி ஓர் எச்சரிக்கை. நகையை அடகு வைத்து மகளைத் தனியார் பாடநெறியில் சேர்த்த தாய்மாரை நாம் சந்திக்கிறோம். ஆறு மாதம் கழித்து, வண்ணத்தில் அச்சிட்ட ஒரு சான்றிதழ் கிடைக்கும். வேலைக்குக் கொண்டு சென்றால், "என்.வீ.கியூ. இருக்கிறதா?" என்று கேட்பார்கள். எல்லாத் தனியார் நிறுவனங்களும் இப்படியல்ல, நல்லவையும் உண்டு. அதனால் பணம் கட்டுமுன் இவற்றைக் கேளுங்கள்:

1. நிறுவனம் ஆணைக்குழுவில் பதிவு செய்யப்பட்டதா?
2. பிள்ளை சேரும் பாடநெறிக்கு என்.வீ.கியூ. தரச் சான்று அளிக்கும் அங்கீகாரம் உண்டா? நிறுவனம் பதிவு பெற்றிருப்பது வேறு, பாடநெறி அங்கீகாரம் பெற்றிருப்பது வேறு.
3. முடிவில் கிடைப்பது எத்தனையாம் மட்டம்?
4. கற்பிப்பது தமிழிலா, சிங்களத்திலா?
5. வேலைத்தளப் பயிற்சி உண்டா? போக்குவரத்துக்கு எவ்வளவு செலவாகும்?

அரச நிலையங்களில் பல பாடநெறிகள் இலவசம் அல்லது குறைந்த கட்டணம். முதலில் அங்கே விசாரியுங்கள். மொழிக் கேள்வியையும் மறக்கவேண்டாம். விளங்காத மொழியில் சேர்ந்து இடையில் நின்றுவிடும் பிள்ளை, தன்னால் முடியாது என்று நினைத்துவிடுகிறாள்.

தாய்மாருக்கும் உண்டு

இது பிள்ளைகளுக்கு மட்டுமான வாய்ப்பு என்று நினைக்க வேண்டாம். பத்து வருடமாகத் தைக்கும், கேக் செய்யும், முன்பள்ளியில் கற்பிக்கும் சகோதரிகள் பலர் இருக்கிறார்கள். முன் கற்றல் அங்கீகாரம் என்ற முறையில், முழுப் பாடநெறியையும் படிக்காமலே, செய்த வேலைக்கான ஆதாரங்களைக் காட்டி மதிப்பீட்டுக்கு விண்ணப்பிக்கலாம். செய்த வேலைகளின் படங்கள், வாடிக்கையாளர் கடிதங்கள், வேலை செய்த இடத்தின் கடிதம் ஆகியவற்றை இன்றே ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள்.

எங்கே தொடங்குவது என்று தயங்கும் சகோதரிகள், முந்தல் பிரதேச செயலகத்துக்குச் சென்று, மனிதவலு வேலைவாய்ப்பு விடயத்தைப் பார்க்கும் உத்தியோகத்தரைச் சந்தியுங்கள். மகளையும் கூடவே அழைத்துச் செல்லுங்கள். கேட்கவேண்டிய கேள்விகளை அவளே கேட்கட்டும். அடுத்த பெறுபேறு வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை. போன வருடமும் அதற்கு முந்திய வருடமும் வீட்டில் நின்றுவிட்ட பிள்ளைகளுக்கும் அந்தக் கதவு திறந்தே இருக்கிறது.